மலையக வீதிகளும் பழைய வாகனங்களும் பிரேக் ஒயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மலையக வீதிகளில் விபத்துகள் குறைய வேண்டுமானால் முப்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் அனைத்தையும் வீதியிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்று அன்பர் ஒருவர் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். இறம்பொடை வளைவுகளிலும் கினிகத்தேனை இறக்கத்திலும் தடம் புரண்டு கிடந்த வாகனங்களைக் கண்ணால் கண்ட எவருக்கும் அந்தக் கவலை இருக்கவே செய்யும். ஆயினும் அவர் சொன்ன பரிகாரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1965ஆம் ஆண்டில் செய்யப்பட்ட காரொன்றை 1998 முதல் என் சொந்தக் கையாலேயே பழுது பார்த்து, நுவரெலியா, ஹப்புத்தளை, பதுளை வீதிகளில் ஓட்டி வருபவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் தந்தையார் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்க்கும் பிட்டராக வேலை செய்தவர். நான் சிறுவனாக இருந்தபோது ஏப்ரல் மாதத்தில் அவர் என்னை நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்று, 1934ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கவைத்துக் காட்டுவார். அங்கே பார்த்த சிறிய, தாழ்ந்த, இரண்டு ஆசனக் கார்களின் மீது அன்றைக்கு ஏற்பட்ட ஆசை பிறகு என்னை விட்டுப் போகவேயில்லை. பல ஆண்டுகள் கழித்து, தோட்டத் துரை பங்களாவின் ஷெட்டில் கோழிகள் அடைந்து கிடந்த எம்.ஜி. மிட்ஜெட் கார் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், வைத்திருந்த சேமிப்பைக் கொடுத்து அதை லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

இப்படிப்பட்ட காருக்கு உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் பலர். மிட்ஜெட் என்பது இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் செய்யப்பட்ட விளையாட்டுக் கார் என்றாலும், அதன் உள்ளுறுப்புகள் சாதாரண குடும்பக் கார்களிலிருந்து எடுக்கப்பட்டவை. 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரை வடிவமைத்தவர்கள், செலவைக் குறைப்பதற்காக ஒஸ்டின் ஏ35 காரின் முன் சஸ்பென்ஷனையும் மொறிஸ் மைனரின் ஸ்டியரிங் றாக்கையும், அந்த இரண்டு கார்களுக்கும் பொதுவாக இருந்த சிறிய எஞ்சினையும் கொண்டே அதை அமைத்தார்கள். 1961இல் வந்த மிட்ஜெட் அதன் உடன்பிறப்பு. என்னுடைய காரின் 1098 சீசீ எஞ்சினும் மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சினும் ஒரே குடும்பம். இலங்கையில் மொறிஸ் மைனருக்குக் குறைவில்லை. ஆகையால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினால் எஞ்சினுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிடும். நான் பட்ட சிரமமெல்லாம் பாகங்களைத் தேடுவதில் இருந்ததைவிட, அவற்றை எப்படிக் கையாள்வது என்று தெரிந்துகொள்வதில்தான் அதிகமாக இருந்தது.

ஸ்பானர் விடயத்தையே எடுத்துக்கொள்வோம். இன்று நம்மூர்க் கராஜ்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஜப்பானிய வாகனங்களுக்குரிய 10, 12, 14 மில்லிமீற்றர் ஸ்பானர்கள். என் தந்தையார் விட்டுச்சென்ற பெட்டியில் இருந்தவையோ தொழிற்சாலை இயந்திரங்களுக்கு அவர் பயன்படுத்திய, விட்வேர்த் எனும் பழைய பிரித்தானிய அளவுமுறைக்குரிய ஸ்பானர்கள். அவற்றின் மீது கால் அங்குலம் என்று பொறித்திருந்தால் அது ஆணியின் தடிமனைக் குறிக்கும். ஆணித்தலையின் அகலத்தை அல்ல. என் காரின் ஆணிகளுக்கு இந்த இரண்டு வகையும் பொருந்தா. தலையின் அகலத்தை அங்குலத்தில் அளக்கும் ஏ.எஃப். ஸ்பானர்தான் வேண்டும். 7/16 அங்குலம் என்பது 11.11 மில்லிமீற்றர். அதில் 11 நுழையாது. 12 போட்டால் நுழைந்துவிடும், ஆனால் பலம் கொடுத்த மறுகணமே வழுக்கிக்கொண்டு தலையின் ஆறு மூலைகளையும் உருட்டிவிடும். பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது குழாயிலுள்ள பிரேக் ஒயில். அந்தக் குழாயில் சேர்ந்த காற்றையும் பழைய ஒயிலையும் வெளியேற்றும் நிப்பிள்கள் இந்த அளவானவையே. மூலை உருண்டுபோன நிப்பிளைக் கழற்ற முடியாது. கழற்ற முடியாததால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒயில் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமலே கிடக்கும். நான் வாங்கியபோது என் காரின் நான்கு சக்கரங்களில் மூன்றில் நிப்பிள்கள் அந்த நிலையில்தான் இருந்தன. பொருந்தாத ஒரு ஸ்பானரிலிருந்து வீதியில் ஒரு விபத்து வரை எத்தனை சிறிய படிகள் இருக்கின்றன என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய சம்பவத்துக்கு வருகிறேன். ஒரு நவம்பர் மாதம், சைலன்சர் குழாயை ஒட்டவைப்பதற்காகக் காரைக் கராஜ் ஒன்றில் விட்டிருந்தேன். ஒட்டுவேலைக்குரிய சாதனம் என்னிடம் இல்லை. வேலை முடிந்து காரை எடுக்கும்போது அங்கிருந்த இளைஞர், "சேர், பிரேக் ஒயில் கொஞ்சம் குறைவா இருந்திச்சு, நானே ஊத்திட்டேன்" என்று சொன்னார். அன்போடு செய்த காரியம், கூலிகூடக் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எதை ஊற்றினீர்கள் தம்பி என்று கேட்காதது என் தவறு.

மூன்று வாரம் கழித்து என் துணைவியாரையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து கண்டி நோக்கிப் புறப்பட்டேன். நகரை விட்டு ஏறும்போதே கார் சற்றுப் பாரமாக இழுப்பதை உணர்ந்தேன். பிரேக் பெடலும் வழக்கத்தைவிட உயரத்திலும் இறுக்கமாகவும் இருந்தது. குளிர்காலம் என்பதால் எஞ்சின் இன்னும் சூடேறவில்லை போலும் என்று எண்ணினேன். லபுக்கலையைத் தாண்டி இறக்கம் தொடங்கியபின் எரிந்த றப்பர் மணம் வந்தது. முன்னால் கொழுந்து லொறி போய்க்கொண்டிருந்ததால் மணம் அதிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது, அதுவரை கல்லைப்போல இருந்த பெடல் எந்தத் தடையுமின்றித் தரைவரை போய்விட்டது. மறுபடி மிதித்தேன்; மறுபடியும் அதே. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலையகத்து லொறிச் சாரதிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விதி. அதன்படி நான் இரண்டாவது கியரில் இருந்தேன். என் காரில் கைபிரேக் கம்பியால் இழுக்கப்படுவது. ஒயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு மலைப்பக்கக் காணுக்குள் முன் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன் சக்கரத்தின் மீது பட்ட ஒவ்வொரு துளியும் தோசைக்கல்லில் தெளித்த நீரைப் போலச் 'சுர்'ரென்று ஆவியானது.

அரை மணி நேரம் நின்றோம். சக்கரங்கள் ஆறிய பிறகு பெடலை மிதித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி பிடித்தது. இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குழாய்க்குள் கொதித்து ஆவியானது குளிர்ந்ததும் மீண்டும் திரவமாகிவிடும். சாரதி, ஏதோ சிறு கோளாறு, சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு அடுத்த இறக்கத்தில் இறங்குவார். நான் அப்படிச் செய்யாமல் இருந்ததற்கு ஒரே காரணம், எந்த வாகனத்திலும் தானாக வந்த பழுது தானாகச் சரியாவதில்லை என்று என் தந்தையார் அடிக்கடி சொல்லிவந்ததுதான். காரைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த நாள், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தபோது உள்ளே இருந்த றப்பர் வாசர்கள் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறிய பயறு போல உப்பிக் கிடந்தன. அந்தச் சிலிண்டரின் சுவரில், தையல் ஊசி மட்டுமே நுழையக்கூடிய ஒரு துவாரம் உண்டு. பெடலிலிருந்து காலை எடுத்ததும், குழாயிலுள்ள அழுத்தம் அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் மேலேயுள்ள தொட்டிக்குத் திரும்ப வேண்டும். உப்பிய றப்பர் அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டது. ஆகையால் காலை எடுத்த பின்னும் பிரேக் முழுவதாக விடவில்லை, பிரேக் பிடித்தபடியே கார் ஓடியது, சூடு ஏறியது, சூட்டில் திரவம் கொதித்தது, கொதித்த ஆவி பெடலின் அழுத்தத்தைத் தானே விழுங்கிக்கொண்டது. பெடல் உயரத்தில் இறுகி நின்றதும், கார் பாரமாக இழுத்ததும், மணம் வந்ததும் இதன் முன்னறிவிப்புகள். மூன்றையும் நான் கண்டேன். மூன்றுக்கும் வேறு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

தொட்டியில் எஞ்சியிருந்ததைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, அதே அளவு தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தேன். உண்மையான பிரேக் ஒயில் தண்ணீரோடு முற்றாகக் கலந்துவிடும். இதிலோ சற்று நேரத்தில் சிவந்த நிறத்தில் எண்ணெய்ப் படலம் ஒன்று மேலே வந்து மிதந்தது. அந்த இளைஞர் ஊற்றியது பவர் ஸ்டியரிங்குக்குரிய ஒயில். அத்தகைய கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் றப்பர் உப்பி மிருதுவாகிவிடும். சிறிதளவு கலந்தாலே போதும். பிறகு றப்பர் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் மாற்றியே ஆக வேண்டும். முன் சக்கரங்களின் கெலிப்பர்கள், பின் சக்கரங்களின் சிலிண்டர்கள், நெகிழும் குழாய்கள் அனைத்தையும் மாற்றி, இரும்புக் குழாய்களை மெதிலேற்றட் ஸ்பிரிற் விட்டுக் கழுவி, காரை மறுபடி வீதிக்குக் கொண்டுவர நான்கு மாதங்கள் ஆயின. சில பாகங்களை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டியிருந்தது.

நான் அந்த இளைஞரைக் குற்றம் சொல்லவில்லை. பின்னர் சென்று அவரிடம் தம்ளரைக் காட்டி விளக்கியபோது, அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "ஒயில்னு தானே சேர் சொல்லுறோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. நாம் எல்லோரும் அதைப் பிரேக் ஒயில் என்றே அழைக்கிறோம். நானும் இந்தக் கடிதத்தில் அப்படித்தான் எழுதி வருகிறேன். ஆனால் அது ஒயிலே அல்ல. கிளைக்கோல் வகையைச் சேர்ந்த திரவம் அது. எண்ணெயோடு அதற்குப் பகை. எஞ்சின் ஒயில், கியர் ஒயில், ஸ்டியரிங் ஒயில், பிரேக் ஒயில் என்று ஒரே பெயர்வரிசையில் நிறுத்திவிட்டால், பாடநூல் படிக்காத ஒருவர் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்வதில் வியப்பில்லை. அன்று அவர் எடுத்து ஊற்றிய போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை இருந்தது; தமிழில் ஓர் எழுத்தும் இல்லை.

மலையகத்துக்கு இந்தத் திரவத்தின் இன்னொரு குணமும் முக்கியமானது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற தரத்துக்குரிய திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; 3.7 வீதம் நீர் சேர்ந்துவிட்டாலோ அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடலாம். ஆண்டில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஊர்களில், நீண்ட இறக்கங்களில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு இறங்கும் வாகனங்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை முழுவதுமாக மாற்றிவிட வேண்டும். நம்மூரில் வான் ஓட்டும் நண்பர்கள் பலரிடம் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறேன். குறைந்தால் ஊற்றுவோம் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அவர்களுடைய வாகனங்கள் என் காரைவிட நாற்பது ஆண்டுகள் இளையவை. வாகனத்தின் வயதை மட்டும் பார்த்து வீதியிலிருந்து அகற்றச் சொல்லும் அன்பர் இதைச் சிந்திக்க வேண்டும்: நேற்று இறக்கிய வாகனத்திலும் இதே திரவம்தான் இருக்கிறது, அதே ஈரத்தைத்தான் உறிஞ்சுகிறது.

மேலும், அகற்றிவிட்டு எதை ஓட்டுவது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு சொந்தக் கார்களுக்குக் கதவு மறுபடி திறக்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த பிறகும் அவற்றின் விலை தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு எட்டக்கூடியதாக இல்லை. மரக்கறி ஏற்றும் லொறியும் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகும் வானும் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பழையனவாகவே இருக்கும். 2022இல் கியூ.ஆர். முறையில் பெற்றோல் பங்கிட்டபோது, எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விடும் வழக்கம் ஒன்று பரவியதையும் கவலையோடு பார்த்தேன். தட்டுப்பாடு நீங்கிய பின்னும் சிலர் அதைக் கைவிடவில்லை. எஞ்சின் தாங்க வேண்டிய பாரம் முழுவதையும் பிரேக்கின் தலையில் சுமத்தும் செயல் அது.

எஞ்சினுக்குப் போகும் காற்றோடு பெற்றோலைக் கலந்துவிடும் கார்புரேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், தாழ்நிலத்தில் சரிசெய்த, என் காரிலுள்ளது போன்ற எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர் பெற்றோலைத் தேவைக்கு மேல் கலக்கும், கரும்புகை வரும். அதன் பிஸ்டனை அடியிலுள்ள சிறு ஊசியால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தால், எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நிலைத்தால் பெற்றோல் அதிகம், தடுமாறி நின்றுவிட்டால் குறைவு, ஒரு கணம் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. கீழேயுள்ள மரையை அதன் ஆறு முகங்களில் ஒரு முகம் அளவு மட்டும் திருப்பிச் செய்யக்கூடிய வேலை இது. புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டது என்பதற்காக மொறிஸ் மைனரை இரும்புக்கு விற்றவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவருடைய காருக்காவது அந்த மரையை ஒரு முகம் திருப்பியிருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை வருத்துகிறது.

இந்த அறிவு மலையகத்துக்கு அந்நியமானதன்று. சிரோக்கோ உலர்த்திகளையும் றோலர்களையும் டீசல் எஞ்சின்களையும் பல பத்தாண்டுகள் ஓடவைத்தவர்கள் எங்கள் தோட்டத் தொழிற்சாலைகளின் தமிழ்ப் பிட்டர்கள். உதிரிப்பாகம் கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் லேத்தில் தாமே கடைந்து போட்டவர்கள். என் தந்தையார் பேரிங்கின் மீது ஸ்பானரின் ஒரு முனையை வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டே அது தேய்ந்திருக்கிறதா என்று சொல்லுவார். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு வரியும் எழுதி வைக்காமல் போய்விட்டார்கள். அவர்களுக்கு எழுதத் தெரியாததால் அல்ல. எழுதுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. இன்று தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளிடம் என்ன படிக்கிறீர்கள் என்று விசாரித்தால், ஆங்கிலக் கையேட்டின் ஒளிநகலைக் காட்டுகிறார்கள். எந்த ஆணிக்கு எந்த ஸ்பானர், எந்தத் தொட்டிக்கு எந்தத் திரவம் என்பதைத் தமிழில் விளக்கும் நூல் ஒன்றும் அவர்கள் கையில் இருப்பதை நான் கண்டதில்லை.

ஆகவே, தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரிகள் பிரேக் பராமரிப்பைப் பற்றியேனும் அளவுகளோடும் படங்களோடும் கூடிய சிறிய தமிழ்க் கையேடொன்றை வெளியிட வேண்டும் என்றும், பிரேக் திரவத்தை விற்போர் போத்தலின் மீது தமிழிலும் சிங்களத்திலும் "இது எண்ணெய் அல்ல, இதில் எண்ணெய் கலக்கக் கூடாது" என்று அச்சிட வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கையேடு வர நாளாகும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை, வாரத்தில் ஒரு நாள் அரைப்பக்கத்தை ஒதுக்கி, இன்னும் நம்மிடையே இருக்கும் ஓய்வுபெற்ற பிட்டர்களிடமும் லொறிச் சாரதிகளிடமும் அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுப் பிரசுரிக்க இயலுமா என்று ஆசிரியர் அவர்களை அன்புடன் வினவுகிறேன். பலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள்.

காரை வாங்கிய நாள் முதல் நான் செய்த ஒவ்வொரு வேலையையும், அளவு, ஸ்பானர், செய்த தவறு என்று தமிழிலேயே குறித்துவந்த நான்கு கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. பத்திரிகைக்குப் பயன்படுமானால் அவற்றின் பிரதியைத் தாமதமின்றி அனுப்பிவைக்கிறேன். பிரேக் திரவத்தை மாற்றும் முறை இரண்டாவது கொப்பியில் இருக்கிறது. தண்ணீர்த் தம்ளர்ச் சோதனை அதன் முதற்பக்கத்தில் உள்ளது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.